பிளஸ் டூ வேதியியலில் பிள்ளைகள் உண்மையில் என்ன படிக்கிறார்கள்?

"மகள் பிளஸ் ஒன் முடித்துவிட்டாள், அரசுப் பள்ளியில் தமிழ் வழி. பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்ததிலிருந்து பயந்து போயிருக்கிறாள். அது முழுக்க மனப்பாடம்தான் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு வருடம் முழுக்க அப்படி என்னதான் படிக்கிறார்கள்?" இதுதான் உங்கள் கேள்வி.

இருபது வருடத்துக்கு மேல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியிருக்கிறேன். மனப்பாடம் செய்தே தேர்ச்சி பெற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மனப்பாடத்தை மட்டும் நம்பிய பிள்ளை எங்கே உடைகிறது என்பதையும் வருடா வருடம் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ வேதியியல் இரண்டு தொகுதிகள், மொத்தம் 15 அலகுகள். முதல் தொகுதியில் உலோகவியல், பி-தொகுதித் தனிமங்கள் இரண்டு அலகுகளாக, இடைநிலைத் தனிமங்கள், அணைவு வேதியியல், திட நிலைமை, வேதிவினை வேகவியல். இரண்டாம் தொகுதியில் அயனிச் சமநிலை, மின்வேதியியல், புறப்பரப்பு வேதியியல், அப்புறம் கரிம வேதியியல்: ஆல்கஹால்களும் ஈதர்களும், கார்பனைல் சேர்மங்களும் கார்பாக்சிலிக் அமிலங்களும், நைட்ரஜன் சேர்மங்கள். கடைசியில் உயிரியல் மூலக்கூறுகள், அன்றாட வாழ்வில் வேதியியல்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும். ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத 15 பாடங்கள் போலத் தெரியும். அப்படி இல்லை என்பதைக் காட்ட ஆய்வகத்தில் நடக்கும் ஒரே ஒரு சோதனையை எடுத்துக்கொள்கிறேன்.

ஆக்சாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும் சோதனை, அதாவது ஒரு கரைசலைக் கொண்டு இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிப்பது. பியூரெட்டில், அதாவது அளவுக் கோடு போட்ட நீளக் குழாயில், அடர்ந்த ஊதா நிறத்தில் பெர்மாங்கனேட். கூம்புக் குடுவையில் நிறமில்லாத ஆக்சாலிக் அமிலம், அதோடு நீர்த்த கந்தக அமிலம். குடுவையை 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கிவிட்டு, பியூரெட்டைத் திறந்து சொட்டுச் சொட்டாக விடவேண்டும். முதல் சொட்டு விழுந்ததும் நிறம் போகாது. பிள்ளைகள் பதறிப்போய் "சார், தப்பாயிடுச்சு" என்பார்கள். கொஞ்சம் பொறுத்துக் குலுக்கினால் மெல்ல மறையும். ஆனால் நாலைந்து சொட்டுக்குப் பிறகு விழுந்த உடனேயே நிறம் மறைய ஆரம்பிக்கும். கடைசியில் ஒரு சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பு வந்து நிலைத்துவிடும். அதுதான் முடிவு நிலை.

ஏன் முதல் சொட்டு மெதுவாக, பிறகு வேகமாக? இந்த வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே இதே வினைக்கு வினையூக்கியாகிறது. முதல் சொட்டின்போது அது இல்லை, போகப்போக சேர்ந்துவிடுகிறது. தன் வினைவேக மாற்றம் என்று இதைச் சொல்வார்கள். ஏன் சூடாக்கவேண்டும்? மூலக்கூறுகள் கிளர்வு ஆற்றல் என்ற மேட்டைத் தாண்டவேண்டும். இது ஏழாவது அலகான வேகவியல். பெர்மாங்கனேட்டுக்கு ஏன் அந்த ஊதா, வினைக்குப் பிறகு எங்கே போயிற்று? மாங்கனீசு ஏழு என்ற ஆக்ஸிஜனேற்ற நிலையிலிருந்து இரண்டுக்கு இறங்குகிறது, ஐந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. இது நாலாவது அலகு, இடைநிலைத் தனிமங்கள். கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் என்ன? பெர்மாங்கனேட்டின் மின்முனை அழுத்தம் (எலக்ட்ரானைப் பிடுங்கும் வலிமையின் அளவு) 1.51 வோல்ட், குளோரினுடையது 1.36. அதனால் பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்ஸிஜனேற்றிக் குளோரினாக்கிவிடும். பியூரெட் அளவு கூடும், விடை தப்பாகும். இது ஒன்பதாவது அலகு, மின்வேதியியல். கடைசியாக, இரண்டு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அளவு) பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து மோல் ஆக்சாலிக் அமிலம் என்ற கணக்கு பிளஸ் ஒன்னில் படித்தது.

ஒரு குடுவைக்குள் நாலு பாடம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏன் கூடாது என்று வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்டால், "புத்தகத்தில் கந்தக அமிலம்னு போட்டிருக்கு சார்" என்று சொல்லும் பிள்ளையும், "அது குளோரைடையும் சேர்த்து ஆக்ஸிஜனேற்றிடும் சார்" என்று சொல்லும் பிள்ளையும் அதே புத்தகத்தைத்தான் படித்திருக்கிறார்கள்.

என்னைப் பொறுத்தவரை பிளஸ் டூ வேதியியல் மூன்று கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது. இந்த வினை நடக்குமா? நடந்தால் எவ்வளவு வேகத்தில்? எதுவரை போய் நிற்கும்? இவற்றுக்குப் பின்னால் எப்போதும் எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்பதுதான் இருக்கும்.

உலோகவியலில் எலிங்கம் வரைபடம் என்று ஒன்று வரும். கோடு கோடாக இருப்பதைப் பார்த்ததும் பிள்ளைகள் அதைத் தாண்டி ஓடிவிடுவார்கள். அது சொல்வது எளிய செய்திதான். எந்த வெப்பநிலையில் எந்தப் பொருள் எந்த உலோக ஆக்ஸைடிலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்க முடியும் என்பதுதான். இரும்புத் தாதுவிலிருந்து கார்பனும் கார்பன் மோனாக்ஸைடும் ஆக்ஸிஜனைப் பிடுங்கிவிடும், அதனால் ஊதுலையில் கரி போதும். அலுமினியத்திடம் கார்பன் தோற்கிறது. அதை ஜெயிக்க 2000 டிகிரிக்கும் மேல் போகவேண்டும், அது கட்டுப்படியாகாது. அதனால்தான் மின்சாரம். அலுமினாவை உருகிய கிரையோலைட் என்ற கனிமத்தில் கரைத்தால் ஆயிரம் டிகிரிக்குள்ளேயே மின்னாற்பகுத்துவிடலாம். அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூல்ட்டும் ஒருவரை ஒருவர் அறியாமல் 1886-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் 1863-இல் பிறந்தவர்கள், 1914-இல் இறந்தவர்கள். வகுப்பில் இதைச் சொன்னால் தூங்குகிற பையனும் நிமிர்ந்து உட்காருவான். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் மேட்டூருக்குப் போய் அலுமினியமான கதையையும் சேர்த்துச் சொன்னால், அந்தப் பாடம் நம் ஊருக்கே வந்துவிடும்.

பி-தொகுதியில் மனப்பாடம் அதிகம்தான், மறைக்கவில்லை. தயாரிப்பு, பண்பு, பயன் என்று ஒரே அச்சில் ஓடும். அங்கேயும் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் இடம் இருக்கிறது. வெண் பாஸ்பரஸ் காற்றில் தானே பற்றிக்கொள்ளும், தண்ணீருக்குள் வைக்கவேண்டும். சிவப்பு பாஸ்பரஸ் சாதுவாக இருக்கும். இரண்டும் ஒரே தனிமம், அணுக்கள் சேர்ந்திருக்கும் விதம்தான் வேறு. சிவகாசித் தீப்பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸ், குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் வெண் பாஸ்பரஸில் தீக்குச்சி செய்த தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பு அழுகியது. 1906-இல் பெர்ன் ஒப்பந்தம் அதைத் தடை செய்தது.

அணைவு வேதியியல்தான் இந்தப் புத்தகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த அலகு. கோபால்ட் குளோரைடும் அம்மோனியாவும் சேர்ந்து மஞ்சள், ஊதா, பச்சை என்று வேறு வேறு நிறத்தில் சேர்மங்கள் தருகின்றன. வெள்ளி நைட்ரேட் ஊற்றினால் மஞ்சள் சேர்மம் மூன்று குளோரைடையும் வீழ்படிவாக, அதாவது அடியில் படியும் திடப்பொருளாக, கொடுக்கிறது, ஊதா இரண்டைத்தான் கொடுக்கிறது, பச்சை ஒன்றே ஒன்று. மூன்றிலும் குளோரின் மூன்றுதான் இருக்கிறது. மீதி எங்கே ஒளிந்துகொண்டது? ஆல்பிரட் வெர்னர் 1893-இல் பதில் சொன்னார். சில குளோரைடுகள் உலோக அயனியோடு நேரடியாகப் பிணைந்திருக்கின்றன, அவை கரைசலுக்குள் இறங்கி வராது. அப்போது அவருக்கு வயது 26. அணுவின் உள்கட்டமைப்பே தெரியாத காலத்தில், எக்ஸ் கதிர்ப் படம் எதுவும் இல்லாமல், வீழ்படிவையும் மாற்றியங்களையும் (ஒரே வாய்பாடு, வேறு அமைப்பு) எண்ணியே மூலக்கூறின் வடிவத்தைச் சொல்லிவிட்டார். 1913-இல் நோபல் பரிசு வந்தது. இந்தக் கதையைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு முதன்மை இணைதிறன், இரண்டாம் நிலை இணைதிறன், ஈனி, அணைவு எண் என்ற சொற்கள் தானாக வந்து உட்காரும். நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் நடுவே இருப்பது இரும்பு, இலையின் பச்சையத்தில் மெக்னீசியம். இரண்டும் அணைவுச் சேர்மங்கள்தான்.

கணக்குப் பகுதிக்கு வருவோம். திட நிலைமை, வேகவியல், அயனிச் சமநிலை, மின்வேதியியல். கணக்கு வராது என்று ஒதுங்கும் பிள்ளைகள் மதிப்பெண்ணை விடுவது இங்கேதான். கணக்கு கஷ்டமாக இருப்பதால் இல்லை, சூத்திரம் எதைச் சொல்கிறது என்று யோசிக்காததால். தேர்வில் திரும்பத் திரும்ப வரும் ஒன்று: முதல் வகை வினையில் 99.9 சதவீதம் முடிய ஆகும் நேரம் அரை வாழ்காலத்தை (பாதி முடிய ஆகும் நேரத்தை) போல ஏறத்தாழ பத்து மடங்கு என்று காட்டு. பிள்ளைகள் மடக்கைச் சூத்திரத்தை வரி வரியாக நெட்டுருப் போடுவார்கள். பாதி, அதில் பாதி, அதில் பாதி என்று பத்து முறை போனால் 1024-இல் ஒரு பங்கு மிஞ்சும். ஆயிரத்தில் ஒன்று மிஞ்சினால் 99.9 சதவீதம் முடிந்தது என்றுதானே பொருள்? இதைப் பார்த்துவிட்டு அப்புறம் மடக்கை எழுதட்டும். நடுவில் தப்பு செய்தாலும் விடை பத்துக்கு வரவில்லையே என்று அவளுக்கே தெரியும்.

அயனிச் சமநிலையில் ஒரு பொறி உண்டு. பத்தின் அடுக்கு மைனஸ் 8 செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) என்ன? சூத்திரத்தை மட்டும் தெரிந்தவர் 8 என்று எழுதுவார். அமிலம் எப்படிக் காரமாகும்? தண்ணீரே கொடுக்கும் ஹைட்ரஜன் அயனியையும் சேர்க்கவேண்டும், விடை 6.98. இந்தப் பாடத்தின் மற்ற பகுதிகளும் நமக்குப் பழக்கமானவையே. தெவிட்டிய உப்புக் கரைசலில் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைச் செலுத்தினால் சுத்தமான உப்பு வெளியே விழும், அதுதான் பொது அயனி விளைவு. ரத்தத்தின் பிஎச் 7.4-ஐ ஒட்டியே நிற்பதற்கு பிஎச்சை அதிகம் மாறவிடாமல் தாங்கும் பைகார்பனேட் தாங்கல் கரைசல் ஒரு முக்கியக் காரணம்.

திட நிலைமை பயப்படவேண்டிய பாடமே இல்லை. பழக்கடையில் ஆரஞ்சைக் கோபுரமாக அடுக்கியிருப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுதான் நெருங்கிப் பொதிந்த அமைப்பு, 74 சதவீத இடம் நிரம்பியிருக்கும். முகப்பு மைய அலகுக்கூட்டில் மூலைக்கு எட்டில் ஒரு பங்கு, முகப்புக்குப் பாதி என்று எண்ணினால் நாலு அணு. ஒரு மணி நேர வேலை.

மின்வேதியியலில் டேனியல் மின்கலம், நெர்ன்ஸ்ட் சமன்பாடு, பாரடே விதி, இரும்பு துருப்பிடித்தல், செல்போனில் இருக்கும் லித்தியம் அயனி மின்கலம் எல்லாம் வரும். லித்தியம் மின்கலத்துக்காக குட்எனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்தத் துறைக்கென்றே அமைந்தது. 1948-இல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். அந்தப் பக்கம் போனால் மகளுக்கு அந்த வளாகத்தைக் காட்டுங்கள். புத்தகத்தில் படிப்பதை வேலையாகச் செய்கிற மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று தெரிவது நல்லது.

இனி கரிம வேதியியல். மனப்பாடம் என்ற பேச்சு வருவதே இதனால்தான். ரீமர்-டீமன், வில்லியம்சன், கன்னிசரோ, பெர்கின், கிளமென்சன், காப்ரியல், சாண்ட்மேயர், ஹாப்மன் என்று பெயர்கள் வரிசை கட்டி நிற்கும். இரவு முழுக்க எழுதிப் பார்த்துவிட்டுக் காலையில் இரண்டு வினைகளைக் குழப்பி எழுதிய பிள்ளைகளின் முகம் எனக்கு மறக்கவில்லை. அவர்கள் சோம்பேறிகள் இல்லை. யாரும் அவர்களுக்கு எலக்ட்ரானைக் காட்டவில்லை.

கார்பனைல் தொகுதியில் கார்பனும் ஆக்ஸிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கின்றன. ஆக்ஸிஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கார்பனுக்குக் கொஞ்சம் நேர்மின் சாயல் வருகிறது. எலக்ட்ரான் மிகுந்த எந்தப் பொருளும், அதாவது கருக்கவர் பொருள், அந்தக் கார்பனைத் தேடி வரும். ஹைட்ரஜன் சயனைடு, கிரிக்னார்டு வினைப்பொருள், அம்மோனியா வழிப் பொருள்கள் எல்லாமே இந்த ஒரே இடத்தில்தான் வந்து சேர்கின்றன. ஆல்டால் வினையும் கன்னிசரோ வினையும் எப்போது எது என்று குழப்பமா? கார்பனைலுக்கு அடுத்த கார்பனில் ஹைட்ரஜன் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும். அசிட்டால்டிஹைடில் இருக்கிறது, காரம் அதைப் பிடுங்க முடியும், ஆல்டால் நடக்கும். பார்மால்டிஹைடிலும் பென்சால்டிஹைடிலும் அப்படி ஒரு ஹைட்ரஜன் இல்லை. அதனால் அடர் காரத்தில் ஒரு மூலக்கூறு ஆக்ஸிஜனேற்றமடைந்து அமிலத்தின் உப்பாகவும் இன்னொன்று ஒடுக்கமடைந்து ஆல்கஹாலாகவும் போய்விடும். இந்த ஒரு பார்வை வந்துவிட்டால் பாதிப் பெயர்கள் தானாக இடத்தில் போய் அமர்ந்துகொள்ளும். மீதியை நெட்டுருப் போடட்டும், தப்பில்லை.

ஆல்கஹால் பாடத்தை நடத்தும்போது நான் ஒரு வகுப்பு நின்று பேசுவேன். மெத்தனாலுக்கும் எத்தனாலுக்கும் ஒரே ஒரு கார்பன்தான் வித்தியாசம். கல்லீரலில் இருக்கும் நொதி எத்தனாலை அசிட்டால்டிஹைடாக்குகிறது, அது பிறகு அசிட்டிக் அமிலமாகிறது. அதே நொதி மெத்தனாலைப் பார்மால்டிஹைடாக்கி, அது பார்மிக் அமிலமாகிறது. பார்மிக் அமிலம் கண் நரம்பைத் தாக்கும், உயிரையும் எடுக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பிள்ளைகளின் வீட்டில் இந்த ஆபத்து வாசல்வரை வந்து நிற்கிறது. ஓரிணைய ஆல்கஹால் ஆக்ஸிஜனேற்றமடைந்து ஆல்டிஹைடு, பிறகு அமிலம் என்ற வரியை இரண்டு மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்துவிட்டு அவர்கள் வெளியே போகக்கூடாது.

உயிரியல் மூலக்கூறுகளில் குளுக்கோஸின் அமைப்பு, அமினோ அமிலம், புரதம், டிஎன்ஏ. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டது ரைபோசோமின் அமைப்புக்காக, அதாவது உடலில் புரதம் செய்யப்படும் இடத்துக்காக. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் 1954-இல் கொலாஜன் புரதத்துக்கு முப்புரி அமைப்பைச் சொன்னார். புறப்பரப்பு வேதியியலும் அன்றாட வாழ்வில் வேதியியலும் படித்தாலே புரியும், அதிகம் கவலைப்படவேண்டாம்.

செய்முறைத் தேர்வைக் குறைத்து நினைக்காதீர்கள். தரம்பார்த்தல் ஒரு பக்கம், கொடுத்த கரிமச் சேர்மத்தில் என்ன தொகுதி இருக்கிறது என்று கண்டுபிடிப்பது இன்னொரு பக்கம். வெள்ளி உப்பு உள்ள டாலன்ஸ் வினைப்பொருளோடு ஆல்டிஹைடைச் சூடாக்கும்போது சோதனைக் குழாயின் உள்பக்கம் வெள்ளி ஆடியாக மின்னுவதைப் பார்த்த பிள்ளை அந்த வினையை மறக்கவே மாட்டாள். பெர்மாங்கனேட் அடர் நிறம் என்பதால் பியூரெட்டில் கீழ் வளைவு தெரியாது, மேல் மட்டத்தைத்தான் பார்த்துக் குறிக்கவேண்டும். குடுவையில் பழுப்பாகக் கலங்கினால் அமிலம் போதவில்லை என்று பொருள். இவையெல்லாம் கையால் செய்தால்தான் வரும். ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதினால் வராது.

மதிப்பெண் விவரம்: எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுபதில் 15 ஒரு மதிப்பெண் கேள்விகள், இரண்டு மதிப்பெண்ணில் ஒன்பதில் ஆறு, மூன்று மதிப்பெண்ணிலும் ஒன்பதில் ஆறு, ஐந்து மதிப்பெண்ணில் 'இது அல்லது அது' என்று கொடுத்த ஐந்து. 24-ஆவது, 33-ஆவது கேள்விகள் கட்டாயம். அங்கேதான் பெரும்பாலும் கணக்கோ, யோசித்து எழுதவேண்டியதோ வரும். புக் பேக் கேள்விகளை முழுதாகச் செய்தவள் தேர்ச்சிக்குப் பயப்படவேண்டாம். ஆனால் அந்தக் கட்டாயக் கேள்விகள்தான் நல்ல மதிப்பெண்ணையும் மிக நல்ல மதிப்பெண்ணையும் பிரிக்கும்.

நீட் எழுதும் எண்ணம் இருந்தால் ஒன்று கவனியுங்கள். சிபிஎஸ்இ பிளஸ் டூவில் வேதியியல் இப்போது பத்து அலகுகள்தான். அதில் வரும் கரைசல்களும் ஹாலோ ஆல்கேன்களும் நம் திட்டத்தில் பிளஸ் ஒன்னிலேயே முடிந்துவிட்டன. அதனால் பிளஸ் ஒன் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். இன்னொரு பக்கம், நாம் படிக்கும் திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், உலோகவியல் ஆகியவை 2024 முதல் நீட் பாடத்திட்டத்தில் இல்லை. பொதுத்தேர்வுக்கு அவை வேண்டும். நீட்டுக்கு மட்டும் படிக்கும் நேரத்தில் அவற்றைத் தள்ளி வைக்கலாம்.

தமிழ் வழி என்று தயங்கவேண்டாம். கருக்கவர் பொருள், தாங்கல் கரைசல், கரைதிறன் பெருக்கம் போன்ற சொற்கள் தம் பொருளைத் தாமே சொல்கின்றன, ஆங்கில வழிப் பிள்ளைக்கு அந்த வசதி கிடைக்காது. கல்லூரிக்குப் போனதும் ஆங்கிலச் சொல் தேவைப்படும், அது உண்மை. அதற்கு இப்போதே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒரு பக்கம் தமிழ்ச் சொல், எதிர்ப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று பாடம் நடக்க நடக்க எழுதிவரச் சொல்லுங்கள். பள்ளி திறக்கும் முன் இருக்கும் நாட்களில் புதுப் பாடம் எதையும் ஆரம்பிக்கவேண்டாம். பிளஸ் ஒன் புத்தகத்தில் மோல் கணக்கு, ஆக்ஸிஜனேற்ற எண், கரிம வேதியியலின் அடிப்படைகள் இந்த மூன்றை மட்டும் திரும்பப் பார்த்துவிட்டு வரட்டும். அந்த மூன்றும் கைவந்திருந்தால், முதல் வாரம் உலோகவியல் ஆரம்பிக்கும்போதே அவளுக்குப் பாதி பயம் போயிருக்கும்.